சிபியூவுக்குள் பல்லி கத்தியது

கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிய கதையை ஐந்து பேர் மாறி மாறிச் சொன்னது.

டவுன், டி.டி.பி. கடைக்காரர்

எங்கள் கடை திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். ஆனால் சோறு போடுவது கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா, நோட்டீஸ்தான். பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் சுடலைமாடனுக்கோ முப்பிடாதி அம்மனுக்கோ கொடை இருந்துகொண்டே இருக்கும். ஊருக்கு ஒரு ஃபைல். வருசா வருசம் அதைத் திறந்து, தேதியை மாற்றி, வில்லுப்பாட்டுக்காரர் பேரையும் கணியான் கூத்து செட்டையும் மாற்றி, வரிதாரர் (கொடைக்கு வரி கொடுப்பவர்) பட்டியலில் இரண்டு பேரைச் சேர்த்து அடித்துக் கொடுத்துவிடுவோம். பதினாறு வருசத்து ஃபைல் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. 500 ஜிபி. வேறெங்கும் நகல் கிடையாது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன ஆடிக்குப் பத்து நாள் முந்தி கடைப் பையன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, சிபியூக்குள்ள பல்லி கத்துது." நானும் குனிந்து கேட்டேன். டிக், டிக், டிக். கொஞ்சம் நிறுத்தம். மறுபடி டிக், டிக். "கெழக்க பாத்துக் கத்துனா நல்லதுதாம்ல, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் பூராவும், பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரில் ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. அதையும் கண்டுகொள்ளவில்லை.

பல்லி ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. உள்ளே கண்ணாடி போன்ற தட்டு நிமிசத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு ஹெட் மிதந்துகொண்டே படிக்கிறது. தேடிப் போன அடையாளம் கிடைக்காவிட்டால் ஹெட்டைத் தாங்கிய கை பின்னால் வந்து நின்று, மறுபடி முதலிலிருந்து தேடப் போகும். அப்படி வந்து முட்டுவதுதான் டிக். இதெல்லாம் பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை. கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று நிற்கிறது, விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைக் காணோம் என்று அர்த்தம். மானூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் மஞ்சப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "போன வருச நோட்டீஸேதான் தம்பி. தேதிய மட்டும் மாத்துங்க." நான் ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஏழெட்டுத் தடவை. பக்கவாட்டில் இரண்டு தட்டும் தட்டினேன். செய்யவே கூடாதது அதுதான். ஹெட் ஆடிப்போயிருந்தால் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் தட்டை உரசி இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். போனில் கேட்டதற்கு நண்பர் ஒருவர், "செக்டிஸ்க் போட்டுப் பாரும்வே" என்றார். அது விண்டோஸில் இருக்கிற, டிஸ்க்கைச் சோதிக்கிற புரோகிராம். நல்ல வேளை, விண்டோஸே வராததால் போட முடியவில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்கை அது மூலை முடுக்கெல்லாம் ஓட வைக்கும். படிக்க முடியாத ஃபைலைக் கணக்கிலிருந்தே கழித்தும் விடும்.

கழற்றி மாட்டுவது ஒரு வேலையே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்கி, கேபினட் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பக்கக் கதவைத் திறந்தேன். டிஸ்கில் இரண்டே கேபிள். மதர்போர்டிலிருந்து வருகிற, தரவு போகிற மெல்லிய சாட்டா கேபிள் ஒன்று, கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து வருகிற அகலமான பவர் கேபிள் ஒன்று. இரண்டின் வாயும் நம் 'ட' மாதிரி மடங்கியிருக்கும், அதனால் தலைகீழாக ஏறாது. புதிதாக வாங்கியது எஸ்எஸ்டி, சுற்றுகிற தட்டே இல்லாத டிஸ்க். பழையதன் 3.5 இஞ்ச் இடத்தில் 2.5 இஞ்ச்காரனை உட்கார வைக்க ஒரு தகரத் தாங்கி தேவைப்பட்டது. பழைய டிஸ்க்கின் திருகு இதற்கு ஏறாது. அது தடித்த மரை, இது மூன்று மில்லி. அமுக்கித் திருகினால் மரை போய்விடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற அமைப்புத் திரை) புதுசின் பேர் தெரிந்ததும் பென் டிரைவை வைத்து விண்டோஸ் போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டது, முன்னைவிட வேகமாக. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லையே!

பழைய டிஸ்க்கின் பேர் பயாஸில் வந்து வந்து போனது. கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று லினக்ஸ் பென் டிரைவில், டேட்டா மீட்கிற டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓட்டினேன். எளிதாகப் படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளி வேறொரு டிஸ்கில் போட்டுவிட்டு, சண்டித்தனம் பண்ணுகிற இடத்துக்கு அது பிறகுதான் வரும். எதுவரை வந்தோம் என்று கணக்கு எழுதிக்கொள்வதால் நடுவில் நிறுத்தி மறுபடி தொடரலாம். டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராக வைத்துவிட்டு இரண்டு ராத்திரி கடையிலேயே படுத்தேன். பயாஸில் பேரே வராமல் டிக் டிக் மட்டும் கேட்டால் இந்த வேலையில் இறங்காதீர்கள். அது டேட்டா மீட்கிற லேபுக்குப் போக வேண்டிய கேஸ்.

மூன்றாம் நாள் கொடை ஃபோல்டரில் முக்கால்வாசி வந்தது. திறந்தால் ஒரே இங்கிலீஷ் குப்பை. எங்கள் ஃபைல் எல்லாம் யூனிகோடு என்கிற பொதுக் குறிமுறைக்கு முந்திய, இங்கிலீஷ் எழுத்தையே தமிழாகக் காட்டுகிற பாமினி எழுத்துருவில் அடித்தது. திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் நிற்கும். எழுத்துரு சி டிரைவோடு போயே போய்விட்டது. பக்கத்துத் தெரு பிரஸ்காரர் பென் டிரைவில் போட்டுத் தந்தார். தொழில் போட்டி உண்டு, ஆனால் இதற்கெல்லாம் இல்லையென்று சொல்ல மாட்டார்.

பெரியவர் ஊர் ஃபைல் மட்டும் வரவே இல்லை.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்

எனக்குப் பல்லி கத்தவில்லை. ஆன் செய்ததும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்வது) ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் எடுத்துவிட்டு மாற்று, தொடர வேண்டுமானால் எஃப்1 அழுத்து என்று திரையில் வரும். மூன்று மாதம் எஃப்1 அழுத்தியே ஓட்டினேன். பெங்களூரில் இருக்கிற மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கத்தினாள். "எம்மா, அது சாகப் போறேன்னு தெனமும் சொல்லுது. நீ சரி சரின்னு அமுக்கிட்டு இருக்க!"

அந்தச் சோதனைக் கணக்கைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒன்றை இறக்கச் சொன்னாள். அதில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. 5ஆம் வரிசை, கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து மாற்றிக் கொடுத்த இடங்களின் எண்ணிக்கை. 197ஆம் வரிசை, சந்தேகத்தில் நிற்கிற இடங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். என்னுடையது நாளுக்கு நாள் ஏறியது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன், பழக்கதோஷம். ஆனால் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டேன். அதனால் எனக்குப் பதற்றம் இல்லை.

மாற்றியதும் நானேதான். செல்போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். "வயரப் பிடிச்சு இழுக்காதம்மா, வாயப் பிடிச்சு இழு." ஒரு திருகு உள்ளே விழுந்துவிட்டது. மதர்போர்டில் உலோகத் திருகு கிடக்க அப்படியே ஆன் செய்யக்கூடாது. கேபினட்டை மெல்லச் சாய்த்து உலுக்கினால் கலகலவென்று உருண்டு வருகிறது.

புது டிஸ்க்கை மாட்டிய பிறகு மை கம்ப்யூட்டரில் அதைக் காணவே காணோம். ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் செய்து, ஃபார்மட் போட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது. அப்புறம் இன்னொரு சந்தேகம். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் பேப்பரை எடுத்தேன். கம்பெனிக்காரன் கணக்கில் ஒரு டிபி என்றால் ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம். விண்டோஸ் அதை 1024ஆல் மூன்று தடவை வகுக்கிறது. 931.3 வந்தது. சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சிந்துபூந்துறை

என் டிஸ்க் தானாகச் சாகவில்லை, தாமிரபரணி கொண்டுபோனது. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடிக்கு அரிசியையும் மாத்திரையையும் தூக்கினோம். மேசைக்கு அடியில் இருந்த சிபியூ யார் நினைப்பிலும் வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் உள்ளே சேறு. இரண்டு ஹார்ட் டிஸ்க். மச்சான், "வெயில்ல ரெண்டு நாள் காய வச்சிருவோம் மாப்ள, செல்போன அரிசிக்குள்ள போடுதோம்லா, அது மாதிரி" என்றார். ஒன்றைக் காய வைத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினோம். கரகரவென்று இரும்பு ரம்பம் போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி என்று நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே காற்றழுத்தம் சமமாக இருக்க ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். 'இந்தத் துளையை மூடாதே' என்று லேபிளிலேயே இருக்கும். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளுக்கு மட்டும் அது கிடையாது. அந்தத் துளை வழியாகத் தண்ணீரும் சேறும் போய்விடும். காய்ந்தால் சேறு தட்டில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் ஹெட் ஓடினால் என்ன ஆகும்!

இரண்டாவதைத் தெரிந்தவர் ஒருவர் தடுத்துவிட்டார். காய வைக்காமல், கழுவாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டிச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினோம். ஐந்து இலக்கத் தொகை. ஒன்றரை மாதம். அப்பாவின் கடைசி இரண்டு வருசத்துப் படங்கள் திரும்பி வந்தன. முதல் டிஸ்க்கில் இருந்தது தங்கச்சி கல்யாண வீடியோ. அதை அவளிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. லேபில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது சிபியூ மாடியில், பரணுக்குக் கொஞ்சம் கீழே.

சங்கரன்கோவில்

பழைய டிஸ்க்கை என்ன செய்தீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் டிஸ்கில் ஊர்க்காரர் பாதிப்பேரின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன் கிடக்கிறது. செத்த டிஸ்க்தானே என்று பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. நட்சத்திர வாய் உள்ள திருப்புளி வாங்கிக் கழற்றித் தட்டுகளைச் சுத்தியலால் வளைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற இரண்டு காந்தம் பேய்க் காந்தம்! விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். இப்போது பீரோவில் ஒட்டிக்கொண்டு கேஸ் புக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வள்ளியூர்

எல்லாரும் டிஸ்க் போன கதை சொல்கிறீர்கள். நான் போகாத டிஸ்க்கை மாற்றினேன். அடிக்கடி ஹேங் ஆகும், சில நாள் பயாஸில் டிஸ்க்கே தெரியாது. புதுசு வாங்கி மாட்டினேன். நாலாம் நாள் அதே கூத்து. பிறகுதான் ஒருவர், டீச்சர் சொன்ன கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 199ஆம் வரிசையைப் பார்க்கச் சொன்னார். 5, 197 இரண்டும் பூஜ்யம், 199 மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் வழியிலேயே தரவு கெட்டுப்போகிறது என்று அர்த்தம். பிடிப்புக் கொக்கி இல்லாத பழைய சாட்டா கேபிள், வாய் தளர்ந்திருக்கிறது. கேபிளை மாற்றினேன், தீர்ந்தது. அந்த எண் இறங்கவே இறங்காது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரி. அவசரப்பட்டு வாங்கிய டிஸ்க்கை இப்போது பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும், டவுன் அண்ணாச்சி. கொடை நோட்டீஸ் என்னாச்சு?

டவுன், டி.டி.பி. கடைக்காரர்

பெரியவரிடம் ஃபைல் போச்சு அண்ணாச்சி என்றேன். அவர் பதறவே இல்லை. "எங்க வீட்டு டிரங்குப் பொட்டில எல்லா வருசமும் ஒண்ணொண்ணு கெடக்கு" என்றவர் மறுநாள் காலையில் மஞ்சப்பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தார். ரப்பர் பேண்ட் போட்டு, வருச வாரியாக. மேலே இருந்ததில் மஞ்சள் கறை.

அதைப் பார்த்து முதலிலிருந்து அடித்தேன், இந்தத் தடவை யூனிகோடில். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். எழுபதாவதோ எண்பதாவதோ பேரில் விரல் நின்றது.

"தம்பி, இவரு தவறி நாலு வருசமாச்சே."

பழைய நோட்டீஸ்களைப் புரட்டினேன். நாலு வருசமும் வரிதாரர் வரிசையில் அவர் இருக்கிறார். தேதியை மட்டும் மாற்றி மாற்றி அடித்த வினை. "எடுத்துரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேண்டாம். மகன்தான் துபாய்லருந்து வரி அனுப்புதான். பேரு அங்கனயே இருக்கட்டும். முன்னால அமரர்னு மட்டும் சேத்துருங்க."