புதுப்பிப்பு: அந்த தினாரியஸ் திபேரியஸுடையது அல்ல

பின்பக்கத்தில் அமர்ந்த பெண்ணையும் ‘பொந்திஃப் மாக்ஸிம்’ (தலைமைப் பூசாரி) என்ற எழுத்தையும் வைத்து, இந்த தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) பேரரசர் திபேரியஸ் காலத்தது (கி.பி. 14–37) என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. இதே பின்பக்கம் கி.பி. 13–14இல் அவருக்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸுக்கும் ‘லுக்துனும்’ (இன்றைய பிரான்ஸின் லியோன்) நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. தலைப்பக்கம்தான் தீர்த்துவைக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ‘பாத்ரியே’ தெளிவாகத் தெரிந்தது. அது ‘நாட்டின் தந்தை’ என்ற அகஸ்டஸின் பட்டத்தில் வரும் சொல். திபேரியஸ் காசு ‘தி சீசர்’ என்று தொடங்கும் (‘தி’ திபேரியஸின் சுருக்கம்).

செம்பின் மேல் வெள்ளிப்பூச்சா என்று கேட்டிருந்தீர்கள். எடை 3.71 கிராம், நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால் 0.36 குறைகிறது. எடையை அந்தக் குறைவால் வகுத்தால் அடர்த்தி 10.3: நல்ல வெள்ளி. உள்ளே செம்பு இருந்தால் இந்த எண் இதைவிடக் குறையும். தராசு 0.01 கிராம் பிசகினாலே விடை 0.3 மாறும், மூன்று முறை நிறுங்கள். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் இறங்கி நல்ல காசும் பூச்சுக்காசாகத் தெரியும்; மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வெள்ளியிலேயே வார்த்த போலியை இந்தச் சோதனை பிடிக்காது, அதற்கு விளிம்பில் வார்ப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.