மணலுக்குள் போன யெல்லோ ராஸ் மீன் நாலு நாளாக வெளியே வரவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?

நீலத்தொட்டி | புதன், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். அவசர உதவி வேண்டும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் கடல்தண்ணீர் டேங்குக்கு ஒரு யெல்லோ ராஸ் வாங்கி வந்தேன். உடம்பு முழுக்க மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளிகள், ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். இந்தோனேசியாவிலிருந்து வந்த சரக்கு, வியாழக்கிழமைதான் இறங்கியது என்று கடையில் சொன்னார்கள். அங்கே நன்றாக நீந்திக்கொண்டிருந்தது, என் கண் முன்னால் மைசிஸ் (பொடி இறால் தீனி) சாப்பிட்டது.

வீட்டுக்கு வந்து பையை இருபது நிமிடம் மிதக்க விட்டேன். பிறகு வாளியில் ஊற்றி, டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து இரண்டு மணி நேரம் ட்ரிப் போட்டேன். பைத் தண்ணீரின் சாலினிட்டி (உப்பு அளவு) 1.019, என் டேங்க் 1.025. உள்ளே விட்டதும் ஏற்கெனவே இருக்கும் சிக்ஸ்லைன் (அதுவும் ஒரு ராஸ் மீன்) பாறைக்குள்ளிருந்து வந்து பக்கவாட்டில் ஒரு இடி இடித்தது. புது மீன் அப்படியே தலைகீழாக வலது முன் மூலை மணலுக்குள் பாய்ந்துவிட்டது. அதோடு சரி. இன்று வரை கண்ணில் படவில்லை.

டேங்க் 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, சுமார் 240 லிட்டர். இரண்டு வருடமாக ஓடுகிறது. மணல் இரண்டு இன்ச், பொடி அரகோனைட் (சுண்ணாம்பு மணல்). உள்ளே க்ளவுன் ஜோடி, ஒரு பிளென்னி, சிக்ஸ்லைன், க்ளீனர் இறால், ஐந்து நசாரியஸ் நத்தை. கோரல் எல்லாம் சாஃப்ட் வகை: மஷ்ரூம், ஸோவா, ஒரு லெதர். லைட் பகல் 12 மணி முதல் இரவு 9 வரை. நான் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத்தான் வருகிறேன்.

அம்மோனியா இன்று சோதித்தேன், பூஜ்ஜியம். செத்து உள்ளேயே அழுகுகிறதோ என்று பயமாக இருக்கிறது. ஒரு குச்சியால் மெல்லக் கிளறிப் பார்க்கலாமா? பொண்ணு தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் டேங்க் முன்னால் உட்கார்ந்து விடுகிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பவழக்கொடி, கோவை | புதன், இரவு 10.41

தோண்டாதீங்க. குச்சி, கை, எதுவும் உள்ள போகக் கூடாதுங்க.

உங்க மீன் ஹாலிகோயரஸ் வகை. பயந்தாலும் மணல்தான், தூங்கினாலும் மணல்தான். கடல்லயும் தினம் ராத்திரி அப்படித்தான் படுக்கும். புது டேங்க்ல மூணு நாள், அஞ்சு நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலயும் வெளியே வராது. நான் வச்சிருக்கிற லெபர்ட் ராஸ் ஒன்பதாவது நாள்தான் தலையை நீட்டுச்சு. அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கிளறினா அது மிரண்டு இன்னொரு மூலையில போய் புதையும். அதுக்கு அதுவரைக்கும் பாதுகாப்பா இருந்த ஒரே இடத்தையும் நீங்களே பறிச்ச மாதிரி ஆயிடும். குச்சி உடம்புல பட்டுச்சுன்னா தோல் உரிஞ்சு அந்த இடத்துல கிருமி ஏறிக்கும்.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? அதோட கடிகாரம் உங்க ஊர்க் கடிகாரம் இல்லை. இந்தோனேசியாவுல பாலித் தீவுப் பக்கம் பிடிச்ச மீனுன்னு வச்சுக்குங்க. அங்க நம்மளைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. அந்த ஊர்ல சூரியன் உதிக்கிறப்போ இங்க விடிகாலை நாலு மணி கூட ஆகியிருக்காது. அங்க இருட்டறப்போ இங்க சாயங்காலம் நாலு மணி. உங்க லைட் எரியறதே 12 மணிக்கு. நீங்க ஏழு மணிக்கு வந்து டேங்க் முன்னால உட்காரும்போது அதுக்கு ராத்திரி ஒன்பதரை மணி. பகல்ல வெளியே வந்து ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பப் படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. பகல்ல வீட்ல யாராவது இருக்காங்களா?

ஆழித்தேர் | புதன், இரவு 11.15

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நாலு நாள் என்பது நீண்ட நேரம். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு மீன் பாறைக்கு அடியில் செத்து, நான் கவனிக்காமல் விட்டு, 60 லிட்டர் நானோ டேங்க் முழுவதும் போய்விட்டது. மெதுவாக ஒரு பக்கமிருந்து பார்த்துவிடுவது நல்லது.

மன்னார்_டைவர் | வியாழன், காலை 6.05

ஆழித்தேர் தம்பி சொல்ற பயம் நியாயமானதுதான். ஆனா அது 60 லிட்டர், இது 240 லிட்டரு. இரண்டு வருஷம் ஊறின பாறை இருக்கிற டேங்க்ல விரல் நீள மீன் ஒண்ணு செத்தா அதைத் தாங்கிக்கும். தினம் ஒரு தடவை அம்மோனியா பாத்தா போதும்.

அதைவிட நல்ல சோதனை உங்க டேங்க்லயே இருக்கு. நசாரியஸ் நத்தை பிணந்தின்னி. மணலுக்குள்ள ஒரு மீன் செத்துக் கிடந்தா, அஞ்சு நத்தையும் மூக்கை நீட்டிக்கிட்டு அந்த மூலைக்கு வந்து குவிஞ்சுரும். ராத்திரி லைட் அணைஞ்ச பிறகு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரிஸ்டில் புழு அங்க மொய்க்குதா, நத்தை எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

மூடி இருக்கா? டேங்க் பின்னால, ஸ்டாண்டுக்கு அடியில, சம்ப்ல (கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) தேடினீங்களா? மணல்ல பாஞ்சதைப் பாத்தீங்க, சரி. ஆனா ராத்திரி எழுந்து குதிச்சிருக்கலாம்ல. ராஸ் வளக்கிறவங்க மீனைப் பறிகொடுக்கிறது பெரும்பாலும் தரையிலதான்.

நான் முக்குளிக்கும்போது பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பெரிய மீன் நிழல் மேல விழுந்தா போதும், இந்த வகை கண் இமைக்கிறதுக்குள்ள மணலுக்குள்ள போயிரும். மணல் மேல ஒரு சின்னக் குழி கூட தெரியாது. அஞ்சு நிமிஷம் அசையாம நின்னா மூக்கு மட்டும் வெளிய வரும். நாம ஒரு விரலை அசைச்சா அதுவும் போயிரும்.

நீலத்தொட்டி | வியாழன், இரவு 11.30

நன்றி அக்கா, நன்றி அண்ணா. தரை, சம்ப், ஸ்டாண்டு எல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். இல்லை. மூடி அக்ரிலிக், ஆனால் பின் மூலையில் பைப் போகும் இடத்தில் மூன்று விரல் அளவு இடைவெளி இருக்கிறது. இப்போதைக்கு ஈரத்துணி வைத்து அடைத்திருக்கிறேன்.

நத்தை பார்த்தேன். மூன்று இடது பக்கம், ஒன்று கண்ணாடி ஓரம், ஒன்று தெரியவில்லை. வலது மூலையில் எதுவும் இல்லை. புழுவும் இல்லை. அம்மோனியா பூஜ்ஜியம். அம்மா பகலில் வீட்டில்தான் இருப்பார்கள். நாளை பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். சாலினிட்டி 1.019லிருந்து 1.025க்கு இரண்டு மணி நேரத்தில் கொண்டு வந்தது தவறா?

பவழக்கொடி, கோவை | வெள்ளி, காலை 7.10

நத்தை வரலைன்னா ரொம்ப நல்ல செய்திங்க.

சாலினிட்டி விஷயத்துல, ஆமா, வேகம்தான். கடல் மீனோட உடம்புல இருக்கிற தண்ணி வெளியே உப்புப் பக்கமா இழுபட்டுட்டே இருக்கும். அதை ஈடுகட்டத்தான் அது கடல்தண்ணியைக் குடிச்சுட்டே இருக்கு. திடீர்னு உப்பைக் கூட்டினா உடம்பு வறண்டுடும். உப்பைக் குறைக்கிறதை அது தாங்கும், கூட்டுறதைத் தாங்க நாள் வேணும். அடுத்த முறை தனி டேங்க்ல கடைக்காரர் அளவுக்கே தண்ணி கலந்து வச்சு அதுல விடுங்க. தினம் 0.001, மிஞ்சினா 0.002 ஏத்துங்க. கடைல ஏன் குறைச்சு வைக்கிறாங்கன்னா, ஒட்டுண்ணி கொஞ்சம் அடங்கும், உப்புச் செலவும் மிச்சம்.

அதே மாதிரி, வெளியூர்ல இருந்து முப்பது மணி நேரம் பார்சல்ல வந்த பைக்கு மணிக்கணக்கா ட்ரிப் போடவே கூடாது. மூடின பைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால அம்மோனியா விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அடங்கிக் கிடந்தது விஷமாகும். அப்படி வந்த மீனுக்கு வெப்பம் மட்டும் சமன் செஞ்சு, உப்பு ஏற்கெனவே பொருத்தி வச்ச தண்ணிக்கு உடனே மாத்திடணும். உங்களோடது உள்ளூர்ப் பை, ஒரு மணி நேரப் பயணம். அதனால இதுல பெரிய ஆபத்து இல்லை. நாலஞ்சு நாள் தாண்டியாச்சு, போன வாரத்தை நினைச்சு இப்ப மனசை வருத்திக்காதீங்க.

நீலத்தொட்டி | வெள்ளி, மாலை 5.50

உயிரோடு இருக்கிறது!

அம்மா பத்தே முக்காலுக்கு ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்களாம். லைட் இன்னும் எரியவில்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும். வலது மூலையில் இல்லை, நடுவில் லெதர் இருக்கும் பாறைக்கு முன்னால் மணல் லேசாகத் துடித்தது. சத்தமில்லாமல் போனை எடுத்து வீடியோ பிடித்திருக்கிறார்கள். முதலில் மஞ்சள் மூக்கு, பிறகு இரண்டு கண்கள். ஒரு கண் மேலே பார்க்கிறது, மற்றது பாறைப் பக்கம் திரும்புகிறது. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் அப்படியே. பிறகு முழு உடம்பும் எழுந்து ஒரு சாண் தூரம் நீந்தியது. வால் துடுப்பின் மேல் நுனி கிழிந்திருக்கிறது.

அதற்குள் சிக்ஸ்லைன் வந்துவிட்டது. நேராக வந்து வாலைக் கடித்தது. மஞ்சள் திரும்பவும் மணலுக்குள். அதன் பிறகு சிக்ஸ்லைன் போகவில்லை. அந்த இடத்துக்கு மேலேயே இங்குமங்கும் நீந்திக் காவல் காக்கிறது. அந்த வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன்.

மன்னார்_டைவர் | வெள்ளி, இரவு 8.15

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தம்பி. நல்ல பொறுமை அவங்களுக்கு.

இப்ப விஷயம் தெளிவாயிருச்சு. மணல்ல இருக்கிற மீனுக்கு ஒண்ணும் இல்ல. மேல இருக்கிறதுதான் சிக்கல். சிக்ஸ்லைன் இரண்டு வருஷமா தனக்குன்னு வச்சிருந்த இடம் அது. தன்னை மாதிரியே உடல்வாகு, தன்னை மாதிரியே பாறையில பூச்சி பொறுக்கற இன்னொரு ராஸை அது விடாது. க்ளவுனை விடும், பிளென்னியை விடும், ராஸை விடாது. அதனாலதான் சிக்ஸ்லைனை எப்பவும் கடைசி மீனாப் போடணும்னு சொல்றது.

மஞ்சளைப் பிடிக்க முயற்சி செய்யாதீங்க. பழைய மீனைப் பிடிச்சுப் பெட்டியில போடுங்க. அக்ரிலிக் போர்டு செய்யற கடையில ஒரு அடி நீளம், அரை அடி அகலம், அரை அடி உயரத்துக்கு ஒரு பெட்டி கேளுங்க. நாலு பக்கமும் 5 மி.மீ. ஓட்டை, மேல கதவு. கதவுல நைலான் நூலைக் கட்டித் தூக்கி வச்சுட்டு, உள்ள மைசிஸ் போட்டு, நூலைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. முந்தின நாள் தீனி போடாதீங்க. வலையை எடுத்துக்கிட்டு டேங்க்குள்ள துரத்தினா பாறை சரிஞ்சு கோரல் உடையுமே தவிர சிக்ஸ்லைன் சிக்காது.

பவழக்கொடி, கோவை | வெள்ளி, இரவு 9.00

அண்ணா சொன்னதேதான். சிக்ஸ்லைன் பெட்டில இருக்கிற நாள்ல பாறை ரெண்டு மூணை இடம் மாத்தி வைங்க. திரும்பி வரும்போது அதுக்கும் அது புது வீடா இருக்கும். சில மீன் இதுல அடங்கிடும். சிக்ஸ்லைன் அடங்கும்னு மட்டும் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

புது மீனைப் பெட்டில வச்சு அறிமுகப்படுத்துறதா இருந்தா, மணல்ல தூங்குற வகைக்கு உள்ள ஒரு சின்னக் கிண்ணத்துல மணல் வைக்கணும். இல்லைன்னா ராத்திரி பூரா பெட்டித் தரையில முட்டிட்டே இருக்கும். தனி டேங்க்ல ஒட்டுண்ணிக்குக் காப்பர் மருந்து ஓடுறப்போ அந்தக் கிண்ணத்துல அரகோனைட் போடாதீங்க, அது காப்பரை உறிஞ்சிக்கும். சிலிக்கா மணல் போதும்.

நீலத்தொட்டி | அடுத்த செவ்வாய், இரவு 10.05

சிக்ஸ்லைன் பிடிபட்டது. மூன்று நாள் ஆனது. முதல் நாள் க்ளவுன் உள்ளே போனது, இரண்டாவது நாள் இறால். இன்று காலை ஆறு மணிக்கு, ஒரு நாள் பட்டினி போட்ட பிறகு, அது வந்தது. மூன்று முறை வாசல் வரை வந்து திரும்பியது. நாலாவது முறை முழுதாக உள்ளே போனதும் நூலை விட்டேன். கை நடுங்கியது.

பெட்டிக்குள் இருந்துகொண்டும் மஞ்சள் வரும் பக்கம் பார்த்துக் கண்ணாடியில் மோதுகிறது. அதைப் பார்க்கவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் வாங்கிய முதல் மீன் அது. என் டேங்கில் தட்டைப்புழு வந்தபோது மருந்தில்லாமல் அதுதான் தின்று தீர்த்தது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

மஞ்சள் இன்று நாலு மணி நேரம் வெளியே இருந்தது. மைசிஸ் இரண்டு கடித்துத் துப்பியது, மூன்றாவதை விழுங்கியது.

ஆழித்தேர் | செவ்வாய், இரவு 10.30

நான் தோண்டச் சொன்னது தவறு. தோண்டாமல் இருந்ததற்கு நன்றி.

சிக்ஸ்லைனுக்கு ஒரு யோசனை. டேங், ஏஞ்சல் மாதிரி பெரிய மீன் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். அங்கே வேறு ராஸ் இல்லையென்றால் அது நிம்மதியாக இருக்கும்.

மன்னார்_டைவர் | புதன், காலை 6.20

மூடியை மறந்துராதீங்க தம்பி. ஈரத்துணி ரொம்ப நாள் தாங்காது. ஜன்னலுக்குக் கொசுவலை ஃப்ரேம் அடிக்கிற கடையில டேங்க் அளவுக்கு ஃப்ரேம் மட்டும் வாங்கி, கொசுவலைக்குப் பதிலா 6 மி.மீ. கண் உள்ள நிறமில்லாத நைலான் வலையை மாட்டச் சொல்லுங்க. கொசுவலை வெளிச்சத்தைக் குறைக்கும், உப்பு படிஞ்சு அடைச்சுக்கும். அலுமினியம் ஃப்ரேம் உப்புல அரிக்கும், அதனால வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில கழுவுங்க. பைப் போற இடத்தைச் சரியா வெட்டச் சொல்லுங்க. தலை நுழையற ஓட்டை இருந்தா ராஸ் அதைக் கண்டுபிடிச்சுரும்.

நீலத்தொட்டி | பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

சிக்ஸ்லைன் இப்போது வேளச்சேரியில் ஒரு நண்பரின் ஆறடி டேங்கில் இருக்கிறது. போன அன்றே சாப்பிட்டதாக வீடியோ அனுப்பினார். வலை மூடி நேற்று மாட்டினேன். பைப்பைச் சுற்றி ஒரு சுண்டுவிரல் கூட நுழையாது.

மஞ்சளுக்கு வால் துடுப்பு வளர்ந்து வருகிறது, கிழிந்த இடத்தில் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு தெரிகிறது. பகல் முழுக்கப் பாறையைச் சுற்றி எதையாவது கொத்திக்கொண்டே இருக்கிறது. அது எப்போது படுக்கப் போகிறது என்று பொண்ணு காலண்டரில் குறித்து வைக்கிறாள். முதல் நாள் 4.10. பிறகு 5.30, 6.45, 7.50. இன்று 8.42க்கு வலது முன் மூலைக்குப் போய், ஒரு முறை சுற்றிப் பார்த்து, மணலுக்குள் இறங்கியது. லைட் அணையப் பதினெட்டு நிமிடம் இருந்தது.