பிள்ளைக்கு மதியச் சாப்பாடு யார் பொறுப்பு? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஈசூன் பாட்டி:

என்னிடம் பிள்ளையை விட வரும் தாய்மார்கள் மாதக் கட்டணத்தைக் கேட்டு முடித்தவுடன், "சாப்பாடு நாங்கள் கொடுத்தனுப்ப வேண்டுமா, நீங்களே சமைத்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்பார்கள். சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பதினொரு ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள், "நீங்களே கொடுத்துவிடுங்கள், அதுதான் இருவருக்கும் நல்லது" என்று சொல்லிவந்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பழி என்மேல் வந்துவிடுமே என்ற பயம்தான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் நண்பகலில் ஒன்றரை வயதுப் பையனின் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மீன் போட்ட அரிசிக் கஞ்சி. மேலே நீர் தனியாகப் பிரிந்திருந்தது, ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள், கரண்டியால் கிளறியபோது இலேசான புளிப்பு வாடை. அவனுடைய அம்மா விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து சமைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, பேருந்தில் பிள்ளையையும் பையையும் சுமந்துவந்து என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடியவர். சமைத்த உணவு 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்காக இருந்தால் கிருமி பெருகும் என்பதும், நம் ஊர் வெயிலில் ஆறு மணி நேரம் தாங்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தும், டப்பாவை வாங்கிய கையோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் விட்டது என் தவறு. அவசரமாக அரிசியும் கேரட்டும் வேகவைத்து மசித்துக் கொடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை அவன் பசியில் அழுதான். மாலையில் விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாவின் கண்கள் கலங்கியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று என்னை முழுவதுமாக மாற்றியது. பதினான்கு மாதப் பெண் குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் தட்டிலிருந்து ஒரு துண்டு முட்டைப் பொரியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. நான் தண்ணீர்க் கோப்பையை எடுக்கத் திரும்பிய நேரம்தான். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றியும் கழுத்திலும் தடித்துச் சிவந்துவிட்டது. புளோக்குக்குக் கீழே உள்ள மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் உடனே பார்த்து மருந்து கொடுத்தார், குழந்தை தேறிக்கொண்டது. முட்டையை வீட்டில் இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதை அதன் அம்மா அப்போதுதான் சொன்னார். நானும் அதுவரை கேட்டதில்லை.

மூன்று பிள்ளைகளுக்கு மூன்று டப்பா என்றால் மூன்று விதமான ஆபத்து என்பது என் முடிவு. அன்று முதல் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நானே சமைக்கிறேன். எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே சாப்பாடு. வாரச் சமையல் பட்டியலை ஞாயிறு மாலையே பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அதில் இருக்கும் எந்தப் பொருளும் பிள்ளை வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியதாக இருக்க வேண்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்டவர்களின் கதை வேறு. 2024 இறுதியில் பாலர் பராமரிப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தொடங்கிய பராமரிப்பாளர் முன்னோட்டத் திட்டம் 2 மாதம் முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. இந்தப் பதினாறு மாதங்களுக்குள்தான் ஒரு குழந்தை பாலைத் தவிர வேறெதுவும் அறியாத நிலையிலிருந்து பருப்புச் சோற்றைத் தானே அள்ளித் தின்னும் நிலைக்கு வருகிறது என்பதால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விதியை எழுதிவிட முடியாது. ஏறத்தாழ ஆறு மாதம் வரை பால் மட்டுமே. அது பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும். தாய்ப்பால் புட்டியில் தேதியும் நேரமும் எழுதியிருந்தால்தான் வாங்கிக்கொள்வேன். சுடுநீரில் வைத்துச் சூடாக்குவேனே தவிர மைக்ரோவேவில் வைக்க மாட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் முதல் உணவுகளைப் பெற்றோர் வீட்டில் கொடுத்துப் பார்த்த பிறகே நான் கொடுப்பேன். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை, தேன் அறவே கிடையாது. நாக்கில் தேன் தடவும் வழக்கத்தை விட மனமில்லாத பாட்டிமார்களிடம், அதனால் கைக்குழந்தைக்குக் கொடிய நச்சு நோய் வரக்கூடும் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் வந்தது. என் சமையலறை ஹலால் அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, புதுப் பானை ஒன்றையும் தட்டு, கரண்டிகளையும் கொண்டுவந்து கொடுத்தார். நான் சைவம் மட்டும் அந்தப் பானையில் சமைத்தேன், இறைச்சி வேண்டுமென்றால் அவரே வீட்டில் சமைத்துக் குளிரவைத்து அனுப்பினார். இரண்டு ஆண்டும் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

செங்காங் தாய்:

பாட்டி சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் பராமரிப்பாளர்தான் சமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிடக் கூடாது. என் மகனுக்குப் பசும்பால் ஒவ்வாமை. முன்பு பார்த்துக்கொண்டவர் நல்லவர்தான், பிள்ளைமேல் பாசம் உள்ளவர்தான். ஆனால் "ஒரே ஒரு பிஸ்கட்தானே" என்று கொடுத்துவிட்டார். அன்றிரவு முழுவதும் அவன் வாந்தி எடுத்தான், நாங்கள் கேகே மருத்துவமனையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இப்போதுள்ள அக்காவிடம் விடுவதற்கு முன், இரண்டு சனிக்கிழமைகள் அவர் வீட்டுக்கே போய் அவருடன் சேர்ந்து சமைத்தேன். பொட்டலத்தின் பின்புறத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்ததைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஒப்பியது. நொறுக்குத்தீனியை மட்டும் இன்றும் நானே கொடுத்தனுப்புகிறேன்.

ஜூரோங் வெஸ்ட் அப்பா:

எங்கள் சிக்கல் பணத்தில் வந்தது. கட்டணத்தில் சாப்பாடும் அடக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாத முடிவில் சாப்பாட்டுக்கென்று தனியாக 80 வெள்ளி கேட்டார். கொடுக்க முடியாத தொகை அல்ல, ஆனால் இரு தரப்பிலும் பேச்சு கசந்துவிட்டது. அடுத்தவரிடம் போனபோது எந்த வேளை, என்ன உணவு, எவ்வளவு தொகை, பிள்ளை வராத நாளுக்குக் கழிவு உண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அதன் பிறகு காசைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஈசூன் பாட்டி:

செங்காங் தாய்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் என்னிடம் வரவிருக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் பசும்பால் ஒவ்வாமை என்று சொல்லியிருக்கிறார்கள். பால் என்று வெளிப்படையாகப் போடாமல் வே, கேசின் என்றெல்லாம் பொட்டலங்களில் வரும் பெயர்களை நீங்கள் இங்கே எழுதினால், பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.