பிராகில் ஒரே நாள், நடந்தே பார்க்க முடியுமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவோடு செக் நாட்டுத் தலைநகரான பிராக் போகிறேன், கையில் இருப்பது ஒரு நாள்தான். அம்மா நன்றாக நடப்பார், ஆனால் மேடு ஏறினால் முழங்கால் வலி வந்துவிடும். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம் மூன்றும் பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கோட்டையிலிருந்து தொடங்குங்கள், ஆனால் நடந்து ஏற வேண்டாம். 22ஆம் எண் டிராமில் போஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய்விட்டால் அங்கிருந்து கோட்டைக்கும், அப்புறம் நெருதோவா தெரு வழியாகப் பாலத்துக்கும் இறக்கம்தான். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில், செக் ஓவியர் அல்போன்ஸ் மூகாவின் வண்ணக் கண்ணாடி சன்னல் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

பதில்: செருப்பு முக்கியம். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, மெல்லிய அடிப்பாகம் என்றால் மதியத்துக்குள் பாதம் கொதிக்கும். பாலத்தை 1357இல் கட்டத் தொடங்கினார்கள், 30 சிலைகள் இருக்கின்றன, நெபோமுக் யோவான் என்ற புனிதரின் சிலைக்கடியில் உள்ள வெண்கலத் தகட்டைப் பாருங்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னும்.

பதில்: கடிகாரம் 1410ஆம் ஆண்டினது. மணிக்கு ஒருமுறைதான் அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் சீடர்களின் உருவங்கள், கடிகாரத்தின் சன்னல்களில் வரும், பத்து நிமிடம் முன்னாலேயே போய் இடம் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி, டிராம் விஷயம் பெரிய உதவி. அம்மாவுக்கு நல்ல ஷூ இன்றே வாங்குகிறேன்.