40 மி.மீ. இறக்கிய பழைய ஜென்: பின் ஷாக் எதைப் போடுவது?

வைகைக்காரன்
1998 மாருதி ஜென். நாலு பக்கமும் 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங். பின் ஷாக் (ஷாக் அப்சார்பர்) கம்பெனி அளவுதான். பின் சீட்டில் மூணு பேர் ஏறினா ஸ்பீட் பிரேக்கரில் ‘டங்’குனு இரும்புச் சத்தம், இடது ஷாக்கில் ஆயில் கசிவு. கேஸ் ஷாக் போதுமா, குட்டை ஷாக் தேடணுமா? பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலே வந்து முட்டாம தடுக்கிற ரப்பர்) வெட்டிட்டா சத்தம் போயிடும்னு மெக்கானிக் சொல்றார்.

ஸ்பேனர்செட்
வெட்ட விடாதீங்க சார். ஸ்பிரிங்கை மாத்தினாலும் ஆக்சில் எவ்வளவு மேலே வரலாம்ங்கிற எல்லையை வைக்கிறது பம்ப் ஸ்டாப்தான். அது முழுசா இருந்தா கம்பெனி ஷாக் உள்ளே முட்டவே முட்டாது. இரும்புச் சத்தம் வருதுன்னா ரப்பர் ஏற்கெனவே பொடிஞ்சிருக்கும், இல்லன்னா யாரோ வெட்டியிருப்பாங்க. ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக்கோட அடி வால்வு வாங்குது. முதல்ல அதைப் பாருங்க.

அப்புறம் அளவு எடுங்க. பின்பக்கத்தைத் தூக்கி, பாடிக்கு ஸ்டாண்ட் கொடுத்து, ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் கழட்டுங்க. பிரேக் ஹோஸ் இழுபடாம பாத்துக்கங்க. ஆக்சிலை ட்ராலி ஜாக்கியில் ரெண்டு பக்கமும் சமமா ஏத்தி, ரப்பர் பாதி நசுங்கிற இடத்தில் நிறுத்துங்க. மேல் மவுண்ட் உட்காரும் இடத்திலிருந்து கீழ் போல்ட் நடு வரை அளங்க. 290 மி.மீ. வந்துச்சுன்னு வைங்க, முழுக்க அமுங்கின ஷாக் 280-க்குள்ள இருக்கணும்.

நீள எல்லைக்கு, ஸ்பிரிங்கைத் திரும்ப வச்சு ஆக்சிலைத் தொங்க விடுங்க. ஸ்பிரிங் சீட்டில் இன்னும் லேசா பிடிச்சிருக்கிற இடத்தில் வரும் அளவுதான் ஷாக்கோட அதிகபட்ச நீளம். கம்பெனி ஷாக் இதைவிட நீளமா விரிஞ்சா, பள்ளத்தில் ஸ்பிரிங் லூசாகி சீட்டை விட்டு நகரும். குட்டை ஷாக் கட்டாயம் வேணும்னா இதுக்குத்தான்.

கியர்பாக்ஸ்_மணி
ரொம்பக் குட்டையாவும் வாங்கிடாதீங்க. ஒவ்வொரு பள்ளத்திலும் ராட் முழுசா இழுபட்டு, மேல் மவுண்ட்தான் முதல்ல கிழியும்.

கடினம் பத்தி: ஸ்பிரிங் 40% கடினமானா டேம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் விசை) கூட வேண்டியது சுமார் 18%தான், வர்க்கமூலக் கணக்கு. அதுவும் முக்கியமா ரீபவுண்ட், அதாவது ஷாக் விரியும் பக்கம். ரீபவுண்ட் அளவுக்கு மேல போனா வரிசைப் பள்ளங்களில் ஆக்சில் கீழே இறங்க நேரமில்லாம வண்டி படிப்படியா அமுங்கிட்டே போகும், கடைசியில் ரப்பரில் உட்காரும். தினசரி ஓட்டத்துக்கு லோ பிரஷர் கேஸ் ட்வின் ட்யூப் (ரெட்டைக் குழாய்) ஷாக்கே என் தேர்வு. ஹை பிரஷர் மோனோட்யூப் (ஒத்தைக் குழாய்) பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். இவ்வளவு எடை குறைஞ்ச வண்டியில் சின்னக் குலுங்கலும் இடுப்பில் தெரியும்.

வைகைக்காரன்
பாத்துட்டேன். இடது ரப்பர் பாதிகூட இல்ல, வலது வெடிச்சிருக்கு. ஒரே பக்கம் ஷாக் மாத்தினா போதுமா?

ஸ்பேனர்செட்
ஜோடியா மாத்துங்க, பம்ப் ஸ்டாப்பும் ரெண்டு பக்கம். ட்வின் ட்யூப் ஷாக்கை நேரா நிமிர்த்திப் பிடிச்சு அஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுத்து காத்தை எடுத்துட்டுப் போடுங்க. கீழ் போல்ட்டைத் தொங்கும்போது முறுக்காதீங்க. சக்கரம் தரையில் இருக்கும்போது முறுக்கலைன்னா ரப்பர் புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். ராட்டில் ஷாக் பாடியை ஒட்டி ஒரு கேபிள் டை கட்டி, நாலு பேரோட ஓட்டிப் பாருங்க. டை ராட்டோட மேல் முனை வரை தள்ளப்பட்டிருந்தா ஷாக் இன்னும் முட்டுது.

கியர்பாக்ஸ்_மணி
அதோட ரெண்டு பக்கமும் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி அளந்துடுங்க ப்ரோ. இறக்கினதும் பேனார்ட் ராட் (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராம பிடிக்கிற கம்பி) ஆக்சிலை ஒரு பக்கமா சில மி.மீ. தள்ளியிருக்கும். அகல டயர் போட்டிருந்தா அந்தப் பக்கம் உரசும்.