விறகு அடுப்பில் நிலக்கரி போடலாமா?

சேலத்துக்காரன்:
இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கினோம். கூடத்தில் வார்ப்பிரும்பு விறகு அடுப்பு. பின்கொட்டகையில் முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போன நிலக்கரி, மூன்று மூட்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "கரிதானே, குமுட்டியில் எத்தனை வருஷம் சமைத்தேன், போடு" என்றார். சனிக்கிழமை இரவு நான்கு கட்டி போட்டேன். அரை மணியில் கண்ணாடி தார் பூசியதுபோல் கறுத்துவிட்டது. கதவைத் திறந்தால் தீபாவளித் தெருவின் கந்தக நெடி. காலையில் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். குளிர்தான் என்று சுக்குக் காபி குடித்தார். மிச்சத்தையும் போடலாமா?

மழைக்காகம்:
முதலில் அம்மாவைப் பாருங்கள். அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு வாடையே கிடையாது. இன்றே மருத்துவ ஆலோசனை எண் 111-க்குப் போன் செய்து கேளுங்கள். இந்த விஷவாயுவுக்கான அலாரம் கத்தியதா?

சேலத்துக்காரன்:
அலாரம் இருக்கிறது, டப்பாவுக்குள்.

பழைய அடுப்பு:
சரிதான்! அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் மாட்டுங்கள். அதுவரை அடுப்பையே பற்றவைக்காதீர்கள்.

அப்புறம், ஆறிய அடுப்புக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கம்பித்தட்டு இருக்கிறதா? விறகு தன் சாம்பல் மேலேயே கிடந்து, மேல்காற்றில் எரியும். நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் புழுங்கிப் புகையும்; விஷவாயு அதில்தான் அதிகம்.

நானும் ஆசைப்பட்டவன்தான். ஈர விறகோடு நிலக்கரியைக் கலந்து போட்டேன். கந்தகமும் ஈரமும் சேர்ந்தால் அமிலம். புகைபோக்கிக்குள் இருந்த எஃகுக் குழாய் 316 ரகம், விறகுக்கானது. நிலக்கரிக்கு 904 வேண்டுமாம். நான்காவது குளிர்காலத்தில் கழற்றினால் சல்லடை. அடுப்பின் விலையைவிடக் குழாய் மாற்றிய கூலிதான் வலித்தது.

இங்கிலாந்தில் 2023 மே முதல் வீட்டில் எரிக்க இந்த நிலக்கரியை விற்கவே கூடாது.

சேலத்துக்காரன்:
பார்த்தேன். கம்பித்தட்டு இல்லை, வெறும் செங்கல் தரை. அம்மா இப்போது தேவலை, டாக்டரிடமும் காட்டிவிட்டோம். ஆனால் "குமுட்டி மட்டும் எங்களை ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்று விடமாட்டேன் என்கிறார்.

பழைய அடுப்பு:
அது மூட்டம் போட்டுச் சுட்ட விறகுக்கரி. இது மண்ணிலிருந்து வெட்டியது. பெயர்தான் ஒன்று. ஆனால் அந்தக் கரியும் அதே வாயுவைக் கக்கும். குமுட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

சேலத்துக்காரன்:
கேட்டேன். முற்றத்தில்.