‘விம்’ எடிட்டருக்கு மாறிவிட்டால் அரசின் கண்ணுக்குத் தப்பிவிடலாமா?

வடசேரி சாயா:
நேற்று ராத்திரி ஒரு சின்ன சோதனை. பழைய லேப்டாப் ஒன்றை ரவுட்டருக்குப் பின்னால் வைத்து, வீட்டிலிருந்து போகும் டி.என்.எஸ். கேள்விகளை (‘இந்தத் தளத்தின் முகவரி என்ன?’ என்று கணினி கேட்பவை) எல்லாம் பதிய விட்டேன். அப்புறம் நாம் பலரும் பயன்படுத்தும் ஒரு எடிட்டரை, அதாவது புரோகிராம் எழுதும் மென்பொருளைத் திறந்து, ஒரு எழுத்துகூடத் தட்டாமல் சாயா போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பதினோரு வரி! அப்டேட் தேடியது ஒன்று, எக்ஸ்டென்ஷன் கடைக்குப் போனது மூன்று, மீதி எல்லாம் டெலிமெட்ரி, அதாவது நாம் என்ன செய்கிறோம் என்று கம்பெனிக்குப் போகும் தகவல். காலி ஜன்னலைப் பற்றிச் சொல்ல அதற்கு அவ்வளவு சங்கதி இருக்கிறது.

2013-ல் ஸ்னோடன் வெளியிட்ட, அமெரிக்க அரசின் ‘பிரிசம்’ கண்காணிப்புத் திட்ட ஆவணங்களில் மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள் பெயரெல்லாம் இருந்தன. நாம் கோடு (நிரல்) சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தை 2018-ல் வாங்கியது அதே மைக்ரோசாஃப்ட். ஆகவே இனி எனக்கு விம் போதும், கோடு என் சொந்த சர்வரில் இருக்கும்.

குளச்சல் காற்று:
அண்ணே, விம்மைத் திறந்தால் டெல்லிக்குக் கண் அவிந்துவிடுமா? பிரிசம் மெயில், சாட், சேமித்த கோப்பு பற்றியது. எந்த எடிட்டரில் தட்டினீர்கள் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். கணினித் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு இருக்கிறது. 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் 10 அமைப்புகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. உத்தரவு வந்து ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. எடிட்டரை நோண்டுகிற வேலையே அவர்களுக்கு இல்லை.

அப்புறம் அந்தச் ‘சொந்த சர்வர்’ எங்கே இருக்கிறது? மாத வாடகைக்கு எடுத்தது என்றால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவை ஒருமுறை படியுங்கள். சர்வர் வாடகைக்கு விடுபவர் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பரை நீங்கள் கணக்கை மூடிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒளிந்துகொள்ளப் போய் ஆதார் கொடுத்து ரூம் எடுத்த கதை.

தக்கலைக்காரி:
காற்று சொல்வது சரி, ஆனால் பாதிதான். கருவியும் முக்கியம். கோடு எழுதித் தரும் ஏஐ உதவியாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் கர்சரைச் சுற்றியுள்ள வரிகள் எங்கோ ஒரு சர்வருக்குப் போனால்தானே பதில் வரும்? கம்பெனி கோடை அதில் திறந்து வைத்துக்கொண்டு பிரைவசி பேசுபவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் விம் மாதிரி ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் படிக்கலாம்) என்றதும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம் அண்ணே. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி எக்ஸ்இசட் யூட்டில்ஸ் நினைவிருக்கிறதா? ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2 ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பேட்ச் (திருத்தம்) அனுப்பி, பராமரிப்பாளராகி, கடைசியில் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவை வைத்தார். 2024 மார்ச்சில் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். லாகின் அரை நொடி தாமதமாவதைப் பார்த்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தோண்டியதால்தான் அது தெரிந்தது. அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர். இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? :)

வடசேரி சாயா:
அக்கா, சோர்ஸ் திறந்து கிடந்ததால்தானே அவரால் தோண்ட முடிந்தது. அது என் கட்சிக்குத்தான் சாட்சி.

தூத்தூர் மகன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கண்காணிப்பு என்றாலே கெட்டது என்பது போலப் பேசுகிறீர்கள். 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் கரையிலிருந்து போனவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பலர் திரும்பவே இல்லை. இன்றைக்கு அப்பாவின் படகில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லும் பெட்டி. படகு எங்கே போகிறது என்று அரசுக்குத் தெரியும். தெரியட்டும். அம்மா ராத்திரி தூங்குகிறாள்.

வடசேரி சாயா:
மக்கா, அந்தப் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அப்பா எந்தப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) மேல் வலை விடுகிறார் என்ற விவரம் நாளைக்கு மீன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனால்?

தூத்தூர் மகன்:
கொன்றுபோடுவார். :) தேவாலயக் கோபுரத்தையும் மலையையும் நேர்கோட்டில் வைத்துத் தாத்தா கண்டுபிடித்த இடம் அது. சித்தப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

வடசேரி சாயா:
நானும் அதையேதான் சொல்கிறேன். காற்று சொன்ன 69-வது பிரிவை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கம்பெனி சேர்த்து வைக்காத விவரத்தை எந்த உத்தரவு போட்டும் அதனிடமிருந்து வாங்க முடியாது. பதினோரு வரி போகிற இடத்தில் ஒன்று போனால் அந்த அளவுக்கு லாபம். சர்வர் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். மும்பையில் வாடகைக்கு எடுத்ததுதான். இந்த வாரம் அதை மூடிவிட்டு, அந்தப் பழைய லேப்டாப்பைக் கட்டிலுக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

குளச்சல் காற்று:
மழைக்காலத்தில் கரண்ட் போனால்?

வடசேரி சாயா:
இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும். பேக்கப்புக்கு உன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா?